அவசரமில்லை என்று எழுதியவர்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள பூகோளம்,

நலம்தானே? போனில் கேட்டால் உன் காது ஒன்று கேட்டு, வாய் வேறொன்று சொல்கிறது. அதனால் கடிதம்.

போன வாரம் ஆரம்பித்த வேலை எப்படிப் போகிறது? உன்னைக் கேட்காமலேயே பெயர் கொடுத்துவிட்டேன் என்று கோபமில்லையே? முப்பத்தொரு வருஷம் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்த உரிமைதான். பிள்ளைகள் என்னைக் கணக்கு என்றும் உன்னைப் பூகோளம் என்றும் கூப்பிட்டார்கள். இன்று கணினி ஆய்வுக்கூடத்துப் பட்டியலில் நீ இரண்டாம் ஆள், நான் முதல் ஆள். பதவி உயர்வு என்றே வைத்துக்கொள்.

தனியாக வாழும் வயதானவர்கள் உதவி மையத்துக்கு எழுதிய மூவாயிரத்து இருநூறு செய்திகள். உடனே ஆள் போகவேண்டும் என்றால் சிவப்பு, நாளைக்குப் பார்க்கலாம் என்றால் மஞ்சள், வெறும் தகவல் என்றால் பச்சை. நாம் குறித்ததைப் படித்து இயந்திரம் கற்றுக்கொள்ளும். அப்புறம் மையத்தில் எந்தச் செய்தியை முதலில் எடுப்பது என்று அதுவே வரிசைப்படுத்தும். ஆய்வுக்கூடத்தை நடத்தும் பெண் வாயைத் திறந்தால் சதவீதம்தான். நான் அவளுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டேன். "நீங்க ரெண்டு பேரும் கலந்து பேசவே கூடாது டீச்சர்" என்று அவள் மூன்று தடவை சொன்னது நினைவிருக்கிறது. பேசினால்தானே தப்பு? ஒரே ஒரு உதாரணம் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

"லிப்ட் ஓடவில்லை. நான் நான்காவது மாடி. மாத்திரை வியாழன்வரை வரும். அவசரமில்லை." இதற்கு நான் பச்சை போட்டேன். அவரே அவசரமில்லை என்று சொல்லிவிட்டார். ஒருவர் சொன்னதை நம்புவதுதான் மரியாதை. நீயும் இப்படித்தான் போட்டிருப்பாய்.

பின் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. ஜன்னல் சின்னதுதான், ஆனால் பகலில் விளக்கு போட்டுக்கொள்ளலாம். ஜூன் முதல் வாரம் உன் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்துவிடு. இந்த வயதில் இரண்டு பேர் இரண்டு ஊரில் இரண்டு அடுப்பு எதற்கு?

உன்
கணக்கு


பிப்ரவரி 10

அன்புள்ள கணக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கோபமெல்லாம் இல்லை. வேலை பிடித்திருக்கிறது. பெயரும் ஊரும் வரும் இடத்தில் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்திருக்கிறார்கள், இல்லையா? அந்தக் கட்டத்துக்குப் பின்னால் யார் என்று சில சமயம் யோசித்துக்கொண்டே இருந்துவிடுகிறேன். உன் வேகம் எனக்கு வராது.

உன் உதாரணம் உதவியாக இருந்தது. நான் கொஞ்சம் வேறு மாதிரிப் போட்டிருந்தேன். நீ சொல்வதுதான் சரியாக இருக்கும்.

இங்கே எல்லாம் வழக்கம்போல். ஜன்னலுக்குக் கீழே பேருந்துப் பணிமனை. ஐந்தரைக்கு முதல் வண்டியைக் கிளப்புகிறார்கள். ஹாரனை வைத்தே எந்த ஓட்டுநர் என்று சொல்லிவிடுவேன். அதற்கு மட்டும் காது கேட்கிறது பார்! கீழ்வீட்டுத் தையற்காரி மாலையில் டீயோடு மேலே வந்து, தைக்கக் கொடுத்தவர்களின் இடுப்பளவையெல்லாம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

போன வாரம் படியில் கால் இடறியது. ஒன்றுமில்லை. மூன்று நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எழுதவேண்டிய அவசரமில்லை, பேச்சோடு பேச்சாகச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் சரி. எனக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான். உன் இஷ்டம்.

அன்புடன்
பூகோளம்


மார்ச் 6

அடி பூகோளம்,

தொண்ணூற்று ஏழு! நூற்றுக்கு! முதல் வாரம் நாம் இருவரும் ஒரே நிறம் போட்டது எழுபதுதான். இப்போது தொண்ணூற்று ஏழு. சதவீதம் அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். பென்சிலால் நெற்றியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிரமித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். எனக்கு வியப்பே இல்லை. உனக்கும் எனக்கும் என்றைக்காவது கருத்து வேறுபாடு வந்திருக்கிறதா?

வரும் திங்கட்கிழமை இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கப்போகிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். நம் இருவர் சார்பிலும் போகிறேன்.

கால் இடறியதாக எழுதியிருந்தாய். ஒன்றுமில்லை என்று நீயே சொல்லிவிட்டதால் நிம்மதி. இங்கே வந்தால் படியே கிடையாது. உன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வராதே, இங்கே ஒன்று இருக்கிறது. அலமாரியும் வேண்டாம். அறை கொள்ளாது.

உன்
கணக்கு


மார்ச் 9

பூகோளம்,

இன்று மதியம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தேன். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நாம் பார்க்காத செய்திகள் கொஞ்சம் தனியாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள், இயந்திரம் நிறம் சொன்னது. பத்துப் பன்னிரண்டு நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒன்று வந்தது: "குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து எழ முடியவில்லை. போன் கையில் இருந்தது நல்லதாயிற்று. அவசரமில்லை, முடிந்தபோது யாராவது வாருங்கள்."

பச்சை.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. "இது எப்படிம்மா பச்சையாகும்? உங்க இயந்திரத்துக்குப் புத்தி இருக்கா?" என்றேன்.

"அதுக்குன்னு தனியா புத்தி கிடையாது டீச்சர். நீங்க ரெண்டு பேரும் போட்டதைப் பார்த்துதான் கத்துக்கிச்சு."

"அவங்களே அவசரமில்லைன்னு எழுதினாங்க. அதான் அந்த மாதிரிக்கெல்லாம் பச்சை போட்டேன்."

"நீங்க போட்டீங்க, சரி. உங்க தோழியும் அதையே போட்டிருக்காங்களே. ரெண்டு பேரும் ஒண்ணே சொன்னா மூணாவது ஆள் பார்க்கவே மாட்டாங்க. ஒருத்தராவது வேற போட்டிருந்தா அது என் மேஜைக்கு வந்திருக்கும்."

பிறகு கணினியில் எதையோ திறந்து காட்டினாள். நாம் குறித்ததை மாற்றினால் அதுவும் பதிவாகுமாம், எனக்குத் தெரியாது. 'அவசரமில்லை' என்று முடியும் செய்திகள் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. பிப்ரவரி ஒன்பதுவரை வந்தவை நாற்பத்தாறு. அந்த நாற்பத்தாறுக்கும் நீ முதலில் சிவப்பு போட்டிருக்கிறாய். ஒன்பதாம் தேதி பிற்பகலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாய்ப் பச்சையாக்கியிருக்கிறாய். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் முதலிலேயே பச்சை. மற்ற செய்திகளிலும் அன்றிலிருந்து நான் எதைப் போடுவேனோ அதுதான் உன் நிறம்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

என் கடிதம் கிடைத்த நாள் அது. ஏன் மாற்றினாய்? உனக்குத் தோன்றியதை அப்படியே விட்டிருக்கலாமே?

கணக்கு


மார்ச் 15

அன்புள்ள கணக்கு,

ஏன் மாற்றினேன் என்று கேட்டிருக்கிறாய். நீ பச்சை என்று எழுதியிருந்தாய். நீயும் இப்படித்தான் போட்டிருப்பாய் என்றும் எழுதியிருந்தாய். நான் அப்படிப் போடவில்லையே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. உன் கடிதத்தை விசைப்பலகை மேல் சாய்த்து வைத்துக்கொண்டு மாற்றினேன்.

முதலில் ஏன் சிவப்பு போட்டேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். கால் இடறிய அன்று இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தையற்காரி கதவைத் திறந்து வெளியே வந்தாள். "என்னக்கா, காத்து வாங்குறீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் பாதித் தெரு போய், திரும்பி வந்து, ஒன்றும் கேட்காமல் என்னைத் தூக்கிவிட்டாள்.

அவசரமில்லை என்று ஒருவர் எழுதுவது, மற்றவருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்றுதான். அந்த நாற்பத்தாறு பேரையும் எனக்குத் தெரியும் கணக்கு. தெரிந்தும் மாற்றினேன். தப்பு என்னுடையது. ஆய்வுக்கூடத்துக்கு நானே எழுதிவிடட்டுமா? உன் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

பூகோளம்


மார்ச் 20

பூகோளம்,

எழுதாதே. நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன்.

சதவீதத்தின் எதிரே நின்று, தெரியாது என்றது பொய், விதியை மீறியது நான், என் கடிதம்தான் உன் கையைத் திருப்பியது என்று வரிசையாகச் சொன்னேன். என் வகுப்பில் எத்தனை பிள்ளைகளை 'யார் விடையைப் பார்த்து எழுதினாய்' என்று நிற்க வைத்திருப்பேன்! விடைத்தாளை நீட்டிக் காட்டியவளை ஒரு நாளும் நிற்க வைத்ததில்லை. நேற்று நான் நின்றேன்.

"வேற ரெண்டு பேரைப் போட்டுக்கிறேன் டீச்சர்" என்றாள். பெண்ணே, ஒரே ஒரு தடவை விடு என்றேன். மூவாயிரத்து இருநூறும் முதலிலிருந்து. எங்கள் பழைய குறிகள் எல்லாவற்றையும் அழித்துவிடு. செய்திகளைக் கலைத்து ஆளுக்கொரு வரிசையில் கொடு. முடியும்வரை எங்களுக்குள் ஒரு தபால் அட்டைகூடக் கிடையாது. அவள் வெகுநேரம் பென்சிலைத் தட்டினாள். அப்புறம், "எண்ணு குறையும், பரவாயில்லையா?" என்றாள். குறையட்டும் என்றேன்.

ஆகவே இது முடியும்வரை என்னிடமிருந்து கடிதம் வராது. நீயும் எழுதாதே. உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைப் போடு. நான் என்ன போடுவேன் என்று நினைப்பு வந்தால் எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பேருந்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்.

கணக்கு


மே 18

அன்புள்ள கணக்கு,

முடித்துவிட்டேன். இந்தத் தடவை நாம் ஒத்துப்போனது எழுபத்து மூன்றுதான் என்று சதவீதம் எனக்கும் எழுதியிருந்தாள். "இப்பதான் ரெண்டு பேர் வேலை செஞ்ச மாதிரி இருக்கு" என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அந்தத் தாளை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டு மாதமாக ஒவ்வொரு செய்தியிலும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டேன்: இவருக்கு உண்மையில் என்ன வேண்டும்? மூவாயிரத்து இருநூறு தடவை அதைக் கேட்டால், அது கேட்டவளையும் சும்மா விடுவதில்லை.

நான் ஜூனில் வரவில்லை. ஜூலையிலும் வரவில்லை. இங்கேயே இருக்கப்போகிறேன்.

எனக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்று எழுதினேன். ஒன்றில்லை. எனக்கு இந்த ஜன்னல் வேண்டும், கீழே அந்த வண்டிகள் வேண்டும், மாலையில் தையற்காரி வேண்டும். வீட்டுக்காரரிடம் படிக்குக் கைப்பிடி போடச் சொன்னேன். "அவசரமா?" என்று கேட்டார். ஆமாம், அவசரம் என்றேன். நான்கே நாளில் போட்டுவிட்டார்! இத்தனை சுலபம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சொல்ல ஆரம்பித்த பிறகு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் அறையில் ஜன்னலோர நாற்காலி உன்னுடையது. முதல் நாளே, "உனக்கு எங்கே உட்கார்ந்தாலும் சரிதானே?" என்று கேட்டாய். சரி என்றேன். முப்பத்தொரு வருஷமும் எனக்கு அந்த நாற்காலிதான் வேண்டியிருந்தது.

உன் மேல் எனக்கு இருக்கும் அன்பில் ஒரு குன்றுமணியும் குறையவில்லை. இந்தக் கடிதத்துக்கு நீ நிறம் போடுவாய் என்று தெரியும். பச்சை போட்டுவிடாதே.

அன்புடன்
பூகோளம்


மே 29

அன்புள்ள பூகோளம்,

சிவப்பு. போட்ட உடனே எழுதுகிறேன்; போடத்தான் மூன்று நாள் ஆயிற்று.

உன் கடிதத்தை முதல் தடவை படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். படியில் விழுந்ததை எழுதியிருக்கிறாய். கட்டிலைக் கொண்டு வராதே என்று நான் பதில் எழுதியிருக்கிறேன். இயந்திரத்துக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டவள் நான்!

நேற்று மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்கள். நாம் மாறுபட்ட இடங்களை எல்லாம் சதவீதமே உட்கார்ந்து படித்திருந்தாள். பாதிக்கு மேல் உன் பக்கம்தான் முடிவாயிற்றாம். மாத்திரை வியாழன்வரை வரும் என்றவருக்கு இரண்டாம் தடவையும் நான் பச்சைதான் போட்டேன். உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் சிவப்புதான் நின்றது. குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தவரின் செய்தியைக் கடைசியில் கொடுத்தார்கள். சிவப்பு விழுந்தது. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன், மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று.

பின் அறைக் கட்டிலை எடுத்துவிட்டேன். அங்கே இனி என் புத்தகங்கள் இருக்கும். அடுத்த தொகுப்புக்கும் நாம்தான் இரண்டு பேர் என்று சதவீதம் சொல்கிறாள். உனக்குச் சம்மதமா என்று உன்னையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் அந்த நாற்காலி. முப்பத்தொரு வருஷம்! ஒரு நாளாவது 'எழுந்திருடி' என்று சொல்லியிருக்கக் கூடாதா?

பத்து நாள் உன் வீட்டில் வந்து தங்க ஆசை. எப்போது வரட்டும், வரலாமா, இரண்டையும் நீயே சொல்ல வேண்டும். 'உன் இஷ்டம்' என்று பதில் போட்டால் கடிதம் திரும்பி வரும். வந்தால் ஜன்னல் உன் பக்கம். நான் சுவரைப் பார்த்து உட்காருகிறேன்.

உன்
கணக்கு
(தப்பாகப் போட்டு, அடித்துத் திருத்தியது)