கோயில் மதிலில் ஒளித்த பெட்டி

மச்சான்,

கறுப்பு டேப்பின் பசை மணம் கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் நிற்கிறது. அந்தப் பெட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது. பொலிஸ் அதை எங்கள் கோயில் பாதரிடம் கொடுத்தது. "இந்த விளையாட்டெல்லாம் உமக்குத்தானே தெரியும்" என்று பாதர் என்னிடம் தந்துவிட்டார். உள்ளே ஒரு பென்சில், பிளாஸ்டிக் யானை, ஈரத்தில் ஊறிப்போன தாள், ஆலங்குடாவில் புதிதாகத் திறந்த ஹோட்டலின் விளம்பர அட்டை. மூடிகூட இறுகவில்லை. இது என்ன பெட்டி என்று வெளியே ஒரு எழுத்தும் இல்லை. சுற்றிவரக் கறுப்பு டேப்.

நீ வைத்த பெட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. வந்த கோபத்தில்தான் எழுதுகிறேன், நீ வாசிக்கப்போவதில்லை என்று தெரிந்தும்.

நீ வேன் ஓட்டிய காலத்தில் உல்லாசப் பயணிகள் இரண்டு பேர் காட்டித் தந்த விளையாட்டு இது. ஒரு பெட்டியை ஓரிடத்தில் ஒளித்து, இடத்தின் குறிப்பை இணையத்தில் போட வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் போனைப் பார்த்துத் தேடி வருவார். உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, இருந்தபடியே வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். பெரிய ஆம்பிளைகள் இரண்டு பேர் பற்றைக்குள் குனிந்து திரிகிறார்கள் என்று என் மனுசி சிரிப்பாள்.

நம் முதல் பெட்டியை ஆலங்குடாக் கரையில் வைக்கப் போன நாளை நான் மறக்கவில்லை. தாழம்பற்றை நல்ல மறைவு. நான் குனிந்து வைக்கப் போனேன். நீ கையைப் பிடித்தாய். "கேக்காம வைக்கப்படாது மச்சான்." பக்கத்தில் இருந்த மீன் வாடிக்குப் போய், அதன் முதலாளியான சம்மாட்டியாரிடம் பெட்டியைத் திறந்து காட்டினாய். அவர் முகத்தைச் சுளித்தார். "வாறவன் எல்லாம் எங்கட வலையை மிதிச்சிக்கொண்டு போனா?" நீ விவாதிக்கவில்லை. வலை காயாத பக்கமாகப் பார்த்து, அவரையே இடத்தைக் காட்டச் சொன்னாய். உன் பெட்டிகள் எல்லாம் உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பெட்டிகள். மூடியில் மூன்று மொழியிலும் 'விளையாட்டுப் பெட்டி, பயப்பட வேண்டாம்' என்று எழுதி, உன் நம்பரையும் போட்டிருப்பாய்.

முந்தலில் ஒருமுறை யாரோ வைத்த பெட்டியைத் தேடிப் போனோம். கடையொன்றின் பின்னால், சாக்கடைக் கான் ஓரத்தில், குப்பைக்குள் கிடந்தது. எனக்கு அருவருப்பு. நீ பெட்டிக்குள் நின்ற தண்ணீரைக் கொட்டிவிட்டு, சட்டையால் துடைத்து, புதுத் தாள் வைத்தாய். "தேடி வந்த மனிசனுக்கு இதையா காட்டுறது?" என்று மட்டும் சொன்னாய். அதற்கு மேல் கோபப்பட உனக்குத் தெரியாது.

டெங்கு உன்னைக் கொண்டுபோன பிறகு உன் பெட்டிகளை நான்தான் பார்த்து வருகிறேன். இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டருக்குப் பிறகு, கேட்பாரில்லாத ஒரு பையைக் கண்டாலே நம் கரையில் ஆட்கள் விலகி நடக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், எங்கள் கோயிலின் பின்மதில் ஓட்டைக்குள் அந்த ஹோட்டல் மனேஜர் இந்தக் கறுப்புப் பெட்டியைச் செருகியிருக்கிறார். பாதரிடம் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. ஞாயிறு பூசை நடக்கும்போது ஒருத்தி அதைக் கண்டாள். பாதர் பூசையை நிறுத்திச் சனத்தைக் கடற்பக்கக் கதவால் வெளியேற்றினார். நெரிசலில் மெற்றில்டா அக்கா விழுந்து கை முறிந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. யாரோ சொன்னார்கள், "பாண்காரன் இப்பதான் பின்பக்கம் நிண்டவன்." பாண்காரன் என்றால் உன் தம்பி. எங்கள் தெருவுக்குக் காலையும் மாலையும் ஓட்டோவில் பேக்கரிப் பாண் கொண்டுவரும் உன் தம்பி. சாவியைப் பறித்தார்கள். பொலிஸ் வந்து பெட்டியைத் திறக்கும்வரை அவனை வெயிலில் மண்ணில் இருத்தி வைத்தார்கள். அவனுடைய கொலரைப் பிடித்து இழுத்தது வேறு யாருமில்லை, என் மைத்துனன், மனுசியின் தம்பி.

நான் அன்று முந்தல் இறால் பண்ணையில் வேலையில் நின்றேன். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நேரே மைத்துனன் வீட்டுக்குப் போனேன்.

"நேற்றும் அவன்ட கையாலதானே பாண் வாங்கினாய்?"

"அந்தப் பயத்தில ஆருக்கு அத்தான் யோசிக்க வரும்?"

"அவன் முஸ்லிம் எண்டது மட்டும் யோசிக்க வந்ததே?"



மறுநாள் ஹோட்டலுக்குப் போனேன். மனேஜர் கதிரை போட்டுக் கோப்பி தந்தார். "விளையாட்டுத்தானே, வடிவான இடம் எண்டு வைச்சம். பாதரிட்ட வந்து மன்னிப்புக் கேக்கிறன்" என்றார். கேக் பெட்டியோடு வந்து கேட்கவும் செய்தார். உன் தம்பியிடமும் கேட்க வேண்டும் என்றேன். "அவரைப் பிடிச்சது நாங்க இல்லையே" என்றார். அந்த மனிதன் சொன்னதிலேயே அது ஒன்றுதான் உண்மை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் தம்பியைப் பார்க்கக் குறிஞ்சிப்பிட்டிக்குப் போனேன். "உங்களோட கோவமில்ல அண்ணே. அந்த ரோட்டுக்கு ஓட்டோவைத் திருப்ப மனம் வருதில்ல" என்றான். உன் உம்மா உள்ளே அழுதுகொண்டிருந்தார். தொண்ணூறில், முஸ்லிம் என்பதற்காக மன்னாரிலிருந்து ஒருமுறை துரத்தப்பட்டு வந்தவர்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எழுந்து நின்றேன். எனக்குச் சபையில் கதைக்க வராது, உனக்குத் தெரியும்.  "பெட்டி வைச்சவன் வந்து மன்னிப்புக் கேட்டிட்டான். நாங்க இன்னும் கேக்கேல்ல" என்றேன்.  மெற்றில்டா அக்கா கட்டுப் போட்ட கையோடு எழும்பினார். "வாகனம் பிடியுங்கோ, நான் வாறன்."

ஒரு வேன் நிறையச் சனம் உன் வீட்டுக்குப் போனோம். அக்கா உன் தம்பியின் முன்னால் போய் நின்றார். "நாங்க செய்தது பிழை மகன்." அவன் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டு நின்றான். உன் உம்மாதான் எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார். இப்போது அவன் மறுபடி வருகிறான். ஆனால் கோயில் முன்னால் ஓட்டோவை நிறுத்துவதில்லை. ஆட்கள்தான் நடந்துபோய் வாங்குகிறார்கள்.

நீ தந்த விளையாட்டை நான் விடவில்லை. எங்கே பெட்டி வைப்பதென்றாலும் அந்த இடத்து ஆட்களின் வாசலில் முதலில் போய் நிற்கிறேன். அது உன்னிடம் படித்தது. கோபம் என்னுடையது. அன்று வேனில் என் மைத்துனன் ஏறவில்லை. இன்றுவரை உன் தம்பியிடம் போகவும் இல்லை. அவன் போகும்வரை அவன் வீட்டில் நான் கை நனைப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். மனுசிக்கும் எனக்கும் அதனால் சண்டை. நீ இருந்திருந்தால், விடு மச்சான் என்றிருப்பாய்.

விடமாட்டேன்.