வாகனம் ஓடாத தீவு

சியாமென், சீனா
9 ஒக்ரோபர் 2005

அன்பின் அத்தானுக்கு,

தொலைபேசியில் கதைத்தால் மூன்றாவது வசனத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது, நானும் படாரென்று வைக்க முடியாது.

நான் சுகம். பள்ளிக்கூடம் எனக்கு ஓர் அறை தந்திருக்கிறது. கடல் தெரிகிற அறை என்று சொல்லித்தான் தந்தார்கள். குளியலறை யன்னலால் எட்டிப் பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கீற்றுத் தெரியும், அவ்வளவுதான். கனடாவிலிருந்து வரும் ஆங்கில ரீச்சர் என்றதும் பள்ளி அதிபர் அம்மா மஞ்சள் தலைமுடியை எதிர்பார்த்திருப்பார் போலும். என்னைக் கண்டதும் ஒரு கணம் திகைத்துவிட்டார். என் முதல் பாடத்தைக் கதவருகில் நின்று கேட்டவர், மத்தியானம் கடற்சிப்பி போட்ட முட்டைப் பொரியலைத் தன் கையாலேயே என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டார். யாழ்ப்பாணத்தில் படிப்பித்த பிறகு ஒருவர் என்னை ரீச்சராகப் பார்த்தது இப்போதுதான்.

இன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை காண குலாங்யூ என்ற தீவுக்குப் போனேன். நகரத்துக்கு எதிரேதான் இருக்கிறது. படகில் ஏறிக் கைப்பையைத் தோளில் சரிசெய்வதற்குள் அக்கரை வந்துவிடும். அந்தத் தீவில் கார் இல்லை, பஸ் இல்லை, சைக்கிள்கூட விடமாட்டார்கள். இறங்கியதும் காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது. கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது. செருப்புச் சத்தம். பறவைகள். ஏதோ ஒரு மேல்வீட்டில் யாரோ பியானோ பழகுகிறார், ஒரே இடத்தில் பிழைவிட்டுத் திரும்பத் தொடங்குகிறார். முன்பு வெளிநாட்டவர்கள் மாளிகை கட்டி வாழ்ந்த தீவாம். அவர்கள் போய்விட்டார்கள், பியானோக்கள் தங்கிவிட்டன.

பூசை முடிந்து வழிதவறிப் போனேன். ஆலமரங்கள் மதில்களின்மேல் ஏறி உட்கார்ந்து வேர்களைத் தொங்கவிட்டிருக்கின்றன. எந்த ஒழுங்கையில் திரும்பினாலும் கடைசியில் கடலுக்கே வந்து சேர்கிறேன். பயமே வரவில்லை, அத்தான். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் புறப்பட்டு வந்த கோபம் உங்களுக்கு ஆறியிருக்காது என்று தெரியும். என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்
றோசா


லாசால், மொன்றியல்
20 நவம்பர் 2005

அன்பின் றோசா,

கடிதம் கிடைத்தது. ஒரு வரிதான் எழுத இருந்தேன். உமது கடிதத்தை வாசித்த பிறகு அது போதாது போலத் தோன்றியது.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. துறைமுகத்தில் காலையில் ஆற்றின் மேல் புகை எழும்புகிறது. என் வேலை தெரியும்தானே, கப்பலில் இருந்து இறங்கும் பெட்டியை வாங்கி, வளவில் வேறொரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் வைப்பது. சீன எழுத்துள்ள பெட்டி ஒன்று என் வண்டியில் ஏறினால், இப்போது கண்ணாடியில் திரும்பி ஒருதரம் பார்க்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கவா போகிறது.

கோயிலில் எல்லாரும் உம்மை விசாரிக்கிறார்கள். மற்றவர்கள் சுற்றி வளைத்துக் கேட்க, அருமைராசா அண்ணை நேரே கேட்டார்.

"என்னடாப்பா, மனிசி விட்டிட்டுப் போட்டாவே?"

"இல்லை அண்ணை, படிப்பிக்கப் போயிருக்கிறா."

"எங்கை?"

"சீனாவுக்கு."

"அப்ப அதைவிடத் தூரம் ஒண்டும் கிடைக்கேல்லையாக்கும்" எண்டு சொல்லிப்போட்டு, என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனார். அவரின் மனிசி வைத்த நண்டுக்கறி.

ஒரு கேள்வி. அந்தத் தீவில் வாகனம் இல்லை என்கிறீர். அப்படியானால் சாமான் எப்படிப் போகிறது? சீமெந்து, கட்டில், அந்தப் பியானோக்கள்? வண்டி ஓட்டுகிறவனுக்கு அதை நினைத்தால் நித்திரை வராது.

ஒரு வருட ஒப்பந்தம் முடிய ஓகஸ்டில் வந்துவிடுவீர்தானே?

இப்படிக்கு
கிறகரி


சியாமென்
19 பெப்ரவரி 2006

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டேன். படகுத்துறையில் கைவண்டிக்காரர் நிற்கிறார்கள். எல்லாம் அவர்கள் இழுத்தும் தூக்கியும்தான் போகிறது. போன கிழமை ஒரு குளிர்சாதனப்பெட்டி படி ஏறிப் போனதைப் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். இருபக்கமும் மூங்கில் தடி, தோளில் துவாய், காலுக்கு ஏற்ற மாதிரி ஒரு மெல்லிய பாட்டு. மேலே ஓர் அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையை வரவேற்பதுபோல் காத்திருந்தார். உங்களை நினைத்துக்கொண்டேன். நீங்கள் நின்றிருந்தால் தடியின் ஒரு நுனியைப் பிடித்திருப்பீர்கள்.

இப்போது பனிப்புகார் காலம். சுவர்கள் வியர்க்கின்றன, உடுப்புக் காயாது. காலையில் கடற்கரைக்குப் போனால் கடலே இல்லை. வெள்ளையாக ஒன்று நிற்கும். அதற்குள்ளிருந்து ஒரு கொக்கு நடந்து வரும், திரும்ப அதற்குள்ளேயே போய்விடும். தீவுகளும் அப்படித்தான். பத்து மணியளவில் ஒன்று தெரியும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்துவிடும். சிலவேளை லாசால் வீடும் எனக்கு இப்படித்தான் ஞாபகம் வருகிறது.

புதுவருட விடுமுறையில் ஒரு சுற்றுலாப் படகில் போனேன். தூரத்தில் தாய்வான்காரரின் கையில் உள்ள சின்னத் தீவுகள் இருக்கின்றன. அந்தக் கரையில் இவர்களுக்காக ஆளுயரத்தைவிடப் பெரிய பிரசார எழுத்துகள், இந்தக் கரையில் அவர்களுக்காகப் பெரிய எழுத்துகள். முன்பு இரண்டு பக்கமும் குண்டடித்துக்கொண்டார்களாம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும் அடிப்பது என்று வழக்கமாகிவிட்டதாம். என் பக்கத்தில் நின்ற கிழவர் அதைச் சொல்லிவிட்டு, வறுத்த கடலை நீட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் ஓய்வுநாள் ஏது?

ஒன்று சொல்ல வேண்டும். அதிபர் அம்மா இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். யூன் முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள்
றோசா


லாசால்
12 மார்ச் 2006

அன்பின் றோசா,

நான் வருகிறேன். மே மாதத்தில் லீவு கேட்டுவிட்டேன், தந்துவிட்டார்கள். விசா அலுவல் பார்க்கிறேன். ஒரு கிழமைதான் நிற்கலாம்.

நீர் எழுதினதை வைத்து அந்தத் தீவில் எனக்கு இப்போது வழி தெரியும் போல இருக்கிறது. நேற்று மெத்ரோவில் கண்ணயர்ந்தபோது ஓர் ஆலமரத்துக்குக் கீழே நின்றேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

அந்த இரண்டு வருடக் கதையை நேரில் கதைப்போம்.

கிறகரி


லாசால்
4 யூன் 2006

அன்பின் றோசா,

சுகமாக வந்து சேர்ந்தேன். உடம்பு வந்துவிட்டது, மனம் இன்னும் வந்து சேரவில்லை. வளவில் வண்டி ஓட்டும்போது எஞ்சின் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. இவ்வளவு நாளும் அது எனக்குக் கேட்டதே இல்லை.

விமான நிலையத்தில் நீர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர். நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். ஏன் என்று எழுதத்தான் இந்தக் கடிதம்.

உம்மைக் கூட்டிக்கொண்டு வருவதற்காகத்தான் நான் வந்தேன். அதை நீரும் அறிவீர். தீவின் அந்தப் பெரிய பாறையின் உச்சியில் வைத்துக் கேட்பது என்று படகில் போகும்போதே முடிவு செய்தேன். ஏறி முடிய எனக்கு மூச்சு வாங்கியது. கீழே சிவப்பு ஓடுகள், அவற்றுக்கு நடுவே நெருப்புப் பிடித்ததுபோல் பூத்த மரங்கள், அதற்கப்பால் கடல், கடலுக்கப்பால் நகரம். நீர் கையை நீட்டி ஒவ்வொரு தீவாகப் பெயர் சொன்னீர். காற்றில் உமது சேலைத்தலைப்பு என் கையில் அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன, ஒண்டும் கதைக்காமல் நிக்கிறியள்?" என்று கேட்டீர்.

"வடிவாயிருக்கு" எண்டன்.

அதைத்தான் சொல்ல முடிந்தது. பரவாயில்லை, நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் என்னை வகுப்பின் கடைசி வாங்கில் இருத்தினீர். பிள்ளைகள் "றோஸ் லாவ்ஷி, றோஸ் லாவ்ஷி" என்று உம்மைச் சுற்றி நின்றார்கள். றோசா ரீச்சர் என்று அர்த்தம் என்று சொன்னீர். மழை பற்றின பாடம். நீர் ஒரு விரலால் மேசையில் தட்டினீர். பிறகு இரண்டு விரல். பிள்ளைகளும் தட்டத் தொடங்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வகுப்பு முழுக்க மழை பெய்தது. நானும் தட்டினேன், நீர் காணவில்லை. பிறகு நீர் கையை உயர்த்த மழை நின்றது. நீர் சிரித்தீர். றோசா, நாங்கள் கலியாணம் செய்த நாளிலிருந்து இப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை. இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, விளக்கைப் போடாமல் இருப்பீரே, அந்த ஆளும் இந்த ஆளும் ஒருவர்தான் என்று நம்புவதற்கு எனக்கு நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு கேட்க மனம் வரவில்லை. வீம்பால் இல்லை. கேட்டால் நீர் வந்துவிடுவீர் என்று தெரியும். அதுதான் பயம்.

கடைசி நாள் பின்னேரம் நீர் கடையில் ஏதோ வாங்கிக்கொண்டிருக்க, நான் தனியே ஓர் ஒழுங்கைக்குள் போனேன். கைவண்டிக்காரர் ஒருவர் அரிசி மூட்டைகளோடு படியில் மாட்டுப்பட்டு நின்றார். பின்னாலே போய்த் தள்ளினேன். மேலே போனதும் எனக்கு ஒரு சிகரெட் தந்தார். நான் புகைப்பதில்லை என்று அவருக்குச் சொல்ல மொழி இல்லை, காதில் சொருகிக்கொண்டேன். இரண்டு பேரும் மதிலில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் என் சீவியத்தில் அப்படிச் சும்மா நின்றது குறைவு.

அதிபர் அம்மாவிடம் ஓம் என்று சொல்லும். என்னைப்பற்றி யோசிக்க வேண்டாம். சமைக்கப் பழகுகிறேன். பருப்பு சரிவருகிறது.

கிறகரி


சியாமென்
25 யூன் 2006

அன்பின் அத்தானுக்கு,

நீங்கள் போன பிறகு ஒரு கிழமை எனக்குச் சரியான கோபம். இவ்வளவு தூரம் வந்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, நான் வேண்டாம் என்றாகிவிட்டதா என்று தலையணையோடு சண்டை பிடித்தேன். கடிதம் வந்தது. படகில் இருந்து வாசித்தேன். அக்கரையில் இறங்க மறந்து, அதே படகில் திரும்பி வந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பாறையில் நீங்கள் கேட்டிருந்தால் நான் வந்திருப்பேன். வந்து, உங்களுக்குச் சமைத்துப் போட்டு, உங்களை ஒருநாளும் மன்னித்திருக்க மாட்டேன்.

அதிபர் அம்மாவிடம் ஓம் சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் கணவர் நல்லவர், மழை பெய்யும்போது அவரும் தட்டினார், கதவருகில் நின்று பார்த்தேன்" என்றார். நான் காணவில்லை என்றுதானே நினைத்தீர்கள்? நானும் கண்டேன். பிறகு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றது கண்ணைத் துடைக்கத்தான்.

இனி நான் கேட்கப் போகிறேன். யூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் முடியும்வரை பள்ளிக்கூடம் லீவு. நான் மொன்றியலுக்கு வருகிறேன். வீட்டுக்குத் திரும்பி வருகிறேன் என்று எடுக்க வேண்டாம். ஊர் பார்க்க வருகிறேன். அத்தனை வருடம் இருந்து நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை, அத்தான். கோட்-டெ-நெய்ஜில் பஸ்ஸால் இறங்கி சலவைக்கூடத்துக்குள் போவேன், வெளியே வந்து பஸ் ஏறுவேன். ஊருக்கு நடுவே நிற்கும் அந்த மலையின் மேல் என்ன இருக்கிறது? ஆற்றுக்கு நடுவே தீவுகள் இருக்கின்றன என்கிறார்கள், படகு போகுமாம். நீங்கள் வேலை செய்கிற துறைமுகத்தை ஒரு வேலிக்கு வெளியே நின்றாவது எனக்குக் காட்டுங்கள். கப்பல் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது.

திரும்பிப் போகும் பயணச்சீட்டையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறேன். அதைக் கண்டு மனம் நோக வேண்டாம். இரண்டு வருடத்துக்குப் பிறகு என்ன என்று என்னிடம் கேட்கவும் வேண்டாம். எனக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பது இப்போது எனக்குப் பாரமாக இல்லை.

இங்கே இரண்டு நாளாகப் புயல் மழை. இப்போதுதான் விட்டிருக்கிறது. வீதி முழுக்கச் சிவப்புப் பூ. அதை யாரும் கூட்டவில்லை, எல்லாரும் மெல்ல விலகி நடக்கிறார்கள்.

லீவு எடுத்து வையுங்கோ. விடிய எழும்பினதும் முதலிலே எங்கே போவது என்பதை நீங்களே யோசித்து வையுங்கோ. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பின்னாலே வாறன்.

அன்போடு
றோசா