அக்காவின் வில்பத்துப் பயணம்

யூலை 22, ஞாயிறு

விடியலிலேயே வெயில். தென்மேற்குச் சோளகக் காற்று முற்றத்து மண்ணை அள்ளிக் குசினி அடுப்புக்குள் போடுகிறது. மனைவி மங்களம் காற்றோடு சண்டை.

திருச்சியிலிருந்து அக்காவின் கடிதம். நேற்று வந்தது. இன்று நாலாம் தடவை வாசிக்கிறேன். முரசுமோட்டைத் தபாற்கந்தோர் என் கையில் இருந்தும் எனக்கு வரும் கடிதம் குறைவு. வந்த ஒன்று இப்படி.

“தம்பி, அத்தான் போய் வருஷம் திரும்பிவிட்டது. இனி மறிக்க ஒருவரும் இல்லை. பிள்ளையை விட்ட இடத்தை ஒருக்கால் பார்க்க வேணும். நீதான் கூட்டிக்கொண்டு போகவேணும். மகனுக்கு இது தெரியாது. நல்லூர்த் திருவிழாவுக்கு என்று சொல்லியிருக்கிறேன்.”

அத்தான் அந்த நாளில் வில்பத்துக் காட்டுக்குள் பங்களா கட்டும் வேலையை மேற்பார்க்கும் ஓவசியர். அக்கா கலியாணம் முடித்த கையோடு அங்கே குடிபோனா. தலைப்பிள்ளை அங்கேதான். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல், டாக்குத்தர் இல்லை, முடிந்தது. அத்தானே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தாராம். அடுத்த வருஷம் வேலையை விட்டுத் திருச்சியில் தமையனுடைய சுருட்டுக் கடைக்குப் போனார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தக் கதை எடுப்பதில்லை. எடுத்தால் அத்தான் சாப்பாட்டை விட்டு எழும்பிவிடுவார்.

எனக்கு அப்போது பதினாறு வயது. பிள்ளையைப் பார்க்கவில்லை.

யூலை 25, புதன்

வழி பற்றி யோசனை. பழைய தேசப்படம் ஒன்றை விரித்து வைத்து, நான்கு மூலைக்கும் நான்கு கோப்பை.

கப்பல் வழி: தனுஷ்கோடி, தலைமன்னார், பிறகு ரயிலில் மதவாச்சி. வில்பத்துக்கு இதுதான் கிட்ட. ஆனால் அக்காவுக்குக் கடல் ஒத்துவராது. கலியாணத்துக்கு முந்தி ஊர்காவற்றுறை வள்ளத்திலேயே மயங்கி விழுந்தவ.

விமான வழி: திருச்சி – பலாலி. ஒரு மணித்தியாலம் சொச்சம். பிறகு காரில் யாழ்ப்பாணம், ஆனையிறவு, பரந்தன், நம் வீடு. இரவு தங்கல். மறுநாள் கிளிநொச்சி, கனகராயன்குளம், வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம் ரோட்டில் கொஞ்சத் தூரம், வலப்பக்கம் திரும்பினால் காட்டு வாசல். வீட்டிலிருந்து நூறு மைலுக்குக் கொஞ்சம் மேல்.

சுற்று வழிதான். மகன் விமானச் சீட்டு எடுத்துவிட்டானாம், பேச்சில்லை. சனி வருகை, செவ்வாய் திரும்புகை. இடையில் இரண்டு நாள்.

“ஒரு மனிசிக்கு வழி பார்க்க நாலு கோப்பை வேணுமோ?” மங்களம். தேத்தண்ணி ஊற்றக் கோப்பை இல்லையாம்.

யூலை 31, செவ்வாய்

செய்ய வேண்டியவை:
– பங்களாவுக்கு அனுமதி (கொழும்புக்கு எழுதியாயிற்று, மறுமொழி இல்லை)
– கார்
– அக்காவுக்குப் பாய், தலையணை (பங்களாவில் இருப்பது எப்படியோ)
– அரிசி, பருப்பு, கருவாடு வேண்டாம் (மணத்துக்குக் கரடி வருமாம், கார்க்காரக் கனகு சொன்னது)
– லீவு

கனகுவின் கார் ஒஸ்ரின் ஏ-போட்டி. அதை விட்டால் இந்தப் பக்கத்தில் நம்பி ஏறக்கூடிய கார் இல்லை. அவனோ தாடியைச் சொறிகிறான். “அண்ணை, மடு மாதா திருவிழாச் சனம் முழுக்க என்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கு. பன்ரண்டாந் திகதி எண்டால் கஷ்டம்.” காட்டுக்கு என்ன அலுவல் என்று கேட்டான். மான் பார்க்க என்றேன். மான் பார்க்க ஐம்பது வயது மனிசி ஆகாயத்தில் வருவாவோ என்று சிரித்தான். உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. சிரிப்பை நிற்பாட்டினான். “மடுச் சனத்தை என்ரை மச்சான் ஏத்தட்டும்” என்றான்.

ஓகஸ்ட் 6, திங்கள்

அனுமதி வந்தது. ஞாயிறு 12, ஒரே ஒரு இரவு. கடிதத்தைக் காட்டாமல் வாசலைத் தாண்ட முடியாது என்று கீழே கோடிட்டு எழுதியிருக்கிறார்கள். நேரம் தவறினால் அடுத்த அனுமதி ஒக்டோபருக்கு மேலாம்.

சந்தோஷத்தில் மங்களத்திடம் காட்டினேன். அவள் கடிதத்தைப் பார்க்கவில்லை, பஞ்சாங்கத்தை எடுத்தாள்.

“இஞ்சாருங்கோ, ஞாயிறு மேற்கே சூலம். வில்பத்து மேற்கையல்லோ கிடக்கு.”

“கொழும்பிலை இருக்கிறவைக்குச் சூலம் தெரியாது.”

“உங்களுக்குத் தெரியுந்தானே? இந்த விஷயத்துக்கு எண்டு போகேக்கை நான் விடமாட்டன். புதன் காலமை நல்ல நேரம். பெட்டியைக் கொண்டுபோய் மேற்குப் பக்கத்து வீடொண்டிலை வைப்பம். பயணம் அண்டைக்கே வெளிக்கிட்ட கணக்கு.”

அம்மாவும் இப்படித்தான் செய்வா. பெட்டி நல்ல நேரத்தில் வெளிக்கிட்டால் ஆள் எந்த நேரத்தில் போனாலும் தோஷமில்லை. சூலத்தை நான் நம்புகிறவனில்லை. மறுத்துப் பேசவும் இல்லை.

ஓகஸ்ட் 8, புதன்

காலை ஏழேகால். தகரப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் மேற்கே பரந்தன் பக்கம் உள்ள காசிம் முதலாளியின் நெல்லுக் கடையில் வைத்தேன். முதலாளி முல்லைத்தீவு ஆள். மங்களத்தின் பிரசவத்துக்கு அவருடைய லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

“இதென்ன மாஸ்டர், சனத்துக்கு முந்திப் பெட்டி பயணம் போகுது?”

விளக்கினேன். எங்கே, எதற்கு என்றும் சொன்னேன். அவர் பெட்டியைத் தன் கதிரையில் வைத்து, தான் சாக்கில் இருந்தார்.

பெட்டியில்: வேட்டி 2, துவாய், பாய், லாம்பு, நெருப்புப்பெட்டி, அனுமதிக் கடிதம். கடைசிச் சாமானை நான்தான் வைத்தேன், கவனமாக, மறந்துபோகாமல் இருக்க.

ஓகஸ்ட் 11, சனி

பலாலி. கம்பி வேலிக்கு வெளியே இரண்டு மணித்தியாலம். கனகு ஒவ்வொரு பருந்தையும் விமானம் என்றான். கடைசியில் உண்மையான டக்கோட்டா வந்தது. தூசி அடங்கியதும் படியில் அக்கா. வெள்ளைச் சீலை. ஒரு கை கம்பியில், மறு கை வெறும் காற்றைப் பிடித்தபடி.

பார்த்துப் பதினொரு வருஷம். இவ்வளவு சின்ன உருவமாகிவிட்டாவா, அல்லது நான்தான் பெருத்துவிட்டேனா?

“மேலையிருந்து கடலைப் பாத்தனீங்களோ?”

“கண்ணைத் திறந்தாலல்லோ.”

நல்லூரில் நிற்பாட்டச் சொன்னா. “மகனுக்குச் சொன்னது பொய்யாகக் கூடாது.” ஐந்து நிமிஷம் கும்பிட்டா. பிறகு ஆனையிறவு. உப்பளம் தெரிந்ததும் கேட்டா: “இடம் தெரியுமோ எண்டு நீ கேக்கேல்லை.”

“தெரியுமோ அக்கா?”

“அவர் தூக்கிக்கொண்டு போகேக்கை நான் வாசல்லை படுத்திருந்தன். பிள்ளை பெத்த துடக்கு. எழும்ப விடேல்லை. பொம்பிளையள் போறதில்லையெண்டு பக்கத்து மனிசி என்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டிருந்தவ. பெரிய பாலை மரத்தை அவர் தாண்டேல்லை, அவ்வளவுதான் தெரியும். பாலையடியிலைதான். கண்டால் கண்டுபிடிப்பன்.”

 காடு முழுக்கப் பாலை. 

மங்களம் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அக்கா அழவில்லை. சிறுபோக நெல்லு வெட்டியாச்சோ என்று கேட்டா.

ஓகஸ்ட் 12, ஞாயிறு

பங்களாவில் இருந்து எழுதுகிறேன். வெளிச்சம் இருக்கும்போதே எழுதி முடிக்க வேண்டும்.

காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். காசிம் முதலாளியின் கடை வாசலில் கார் நின்றது. பெட்டி இல்லை! வேலையாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னான்: “முதலாளி நேத்து லொறியிலை கொண்டுபோயிட்டார். பயணம் வவுனியாப் பக்கந்தானே, பெட்டி முன்னுக்குப் போனால் இன்னும் விசேஷம் எண்டு சொன்னவர். நெளுக்குளத்திலை தம்பியார் வீட்டை நிக்கிறார்.”

என்னிடம் நெளுக்குள விலாசம் இல்லை. என்னுடைய நாலு கோப்பைத் திட்டத்தில் இது இல்லை. மங்களத்தின் மேல் வந்த கோபத்தைக் கனகுவின் மேல் காட்டினேன், மெதுவாக ஓடுகிறான் என்று. உண்மையில் கோபம் என் மேல்தான். கடிதம் சட்டைப்பையில் இருக்கவேண்டிய சாமான். மற்றவர்களின் கடிதத்தைப் பதினெட்டு வருஷமாக ஒன்றும் தொலையாமல் காத்தவன், தன் கடிதத்தை லொறியில் ஏற்றிவிட்டான்.

கனகராயன்குளத்தில் மடுவுக்குப் போகும் மாட்டுக் கரத்தைகள், வரிசையாக. முந்த இடமில்லை. அக்கா பின்சீட்டில் கையைக் கோத்துக்கொண்டு, “ஆறுதலாப் போவம், தம்பி. இருபத்தேழு வருஷம் பொறுத்தனான்” என்றா. அதைக் கேட்டபின் எனக்கு இன்னும் அவசரம்.

நெளுக்குளத்தில் மூன்று வீட்டில் விசாரித்தோம். நாலாவது வீட்டு வாசலில் கதிரை, கதிரையில் எங்கள் தகரப் பெட்டி, பக்கத்தில் நின்றபடி காசிம் முதலாளி.

“விடிய முந்தியே எடுத்து வெளியிலை வைச்சிட்டன் மாஸ்டர். நிலத்திலை வைக்கேல்லை. பிழையோ?”

 இரவு முழுக்கப் பெட்டியை உள்ளே கட்டிலில் வைத்துவிட்டு மனிசன் பாயில் படுத்திருக்கிறார். பிழையில்லை என்றேன். அவருடைய தம்பி வீட்டில் இடியப்பம் அவித்து வைத்திருந்தார்கள். நேரமில்லை என்று நான் வாயெடுக்க முன் அக்கா போய் இருந்துவிட்டா. நேற்றிலிருந்து அவ ஒழுங்காகச் சாப்பிட்டது அங்கேதான். போகும்போது முதலாளி அக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “எங்கடை மூத்ததும் அப்பிடித்தான் அக்கா. முல்லைத்தீவிலை கிடக்கு. நான் பெருநாளுக்குப் பெருநாள் போவன்.”

அக்கா தலையாட்டினா. காரில் ஏறியபின் முதல்தடவையாக அழுதா, மதவாச்சி வரை. நானும் கனகுவும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காட்டு வாசலில் கடிதத்தை ஐந்து விநாடிதான் பார்த்தார்கள். நேரம் இரண்டு பத்து. வழிகாட்டி ஒருவன் ஏறினான், பண்டா என்று பெயர், சிங்களவன், தமிழ் கொஞ்சம் பேசுகிறான். முதல் சொன்னது: “காரை விட்டு இறங்க ஏலாது. பங்களாவிலை மட்டும் இறங்கலாம்.”

பங்களா புதிது. அத்தான் கட்டியது இதில்லை. பழையது இடிந்து மூன்று மைல் தள்ளிக் கிடக்கிறதாம், நாளைக் காலை கூட்டிப்போவானாம். குளத்தில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும். மான் இருபதுக்கு மேல், எண்ணுவதற்குள் ஓடிவிட்டன. அக்கா மானைப் பார்க்கவில்லை. மரங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

ஓகஸ்ட் 13, திங்கள்

காற்று இல்லை. ஆறரைக்குப் போனோம்.

பழைய இடம்: செங்கல் அத்திவாரம், இடுப்பளவு, பற்றை மூடியது. ஒரு படிக்கட்டு. அக்கா உடனே, “இதுதான் வாசல்” என்றா. குரல் தெளிவு.

அதற்கு நேரே, குளத்துப் பக்கமாக, பெரிய பாலை மரங்கள். ஒன்றல்ல. நான் எண்ணியது ஏழு. அந்த நாளில் கன்றாக நின்றவையும் இப்போது பெரிய மரம்.

அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தா. திரும்பவும் முதலில் இருந்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. கண்டால் கண்டுபிடிப்பேன் என்ற அவவிடம் நான் என்ன கேட்பது?

“இறங்கிப் போய்ப் பாத்தால் தெரியும், தம்பி.”

பண்டாவிடம் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டான். “ஏலாது மாத்தயா. அந்தப் பக்கம் கரடி. போன கிழமையும் கண்டது. அம்மாவுக்கு ஒண்டு நடந்தால் என்ரை வேலையும் போம்.” அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.  விமானம், கார், லொறி, பெட்டி, சூலம், எல்லாம் கடந்து வந்து தொண்ணூறு அடித் தூரத்தில் நின்றுவிட்டோம்.

அக்கா மன்றாடவில்லை. கனகுவிடம் இஞ்சினை நிற்பாட்டச் சொன்னா. கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கினா. தலையை வெளியே நீட்டி, பக்கத்து வளவில் விளையாடுகிற பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டா.

“ராசா. அம்மா வந்திருக்கிறன்.”

ஏழு மரத்துக்கும் கேட்கும்படி, திரும்பத் திரும்ப. கனகு கார்ச் சுக்கானில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

பண்டா பதறிப்போனான். காட்டை ஒரு பக்கம், எங்களை ஒரு பக்கம் பார்த்தான். “ஆரைக் கூப்பிடுறா?”

“மகனை” என்றேன். வேறு சொல் வரவில்லை.

“காட்டுக்குள்ளை போயிட்டாரோ? எத்தனை வயசு?”

நான் பன்னிரண்டு நாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முந்தி அக்கா திரும்பி, பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று கேட்டால் தாய்மார் சொல்வார்களே, அந்த மாதிரி, சட்டென்று சொன்னா:

“வாற ஆவணிக்கு இருபத்தெட்டு.”

பண்டா இடிந்த படிக்கட்டைப் பார்த்தான். மரங்களைப் பார்த்தான். அக்காவின் வெள்ளைச் சீலையைப் பார்த்தான்.  தான் முதலில் இறங்கினான். தடியால் பற்றையைத் தட்டித் தட்டி, முதல் மரம் வரை போய், நாலு பக்கமும் நின்று பார்த்துவிட்டு வந்து, அக்காவின் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.