சீம்பாலைக் கொட்டாத நாள்

நர்சம்மா,

இன்று காலை எங்கள் செவலைப் பசு ஈன்றது. வெல்லமும் ஏலக்காயும் போட்ட சீம்பால் அடுப்பில் திரண்டுகொண்டிருக்கிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்களாம். எனக்குச் சேதி வந்தபோது காரியமும் முடிந்திருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். ஐந்தாவது வரை படித்தவளின் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தேழில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வாரம் அது. ரோடு நெடுகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இல்லை. வீட்டிலேயே, மருத்துவச்சி கையில் எனக்குப் பெண் பிறந்தாள். தலைச்சன் பிள்ளையை ஐந்தாம் நாளில் மண்ணுக்குக் கொடுத்தவள் நான். இவளாவது தங்க வேண்டுமே என்று கிடந்தேன்.

மாமியார் சர்க்கரைத் தண்ணீரும் பஞ்சும் எடுத்துவந்தார். "சீம்பால் புள்ளைக்கு ஆவாது. மூணு நாளைக்குப் பீச்சிக் கொட்டிடு." தலைச்சனுக்கும் அப்படித்தான் செய்தோம்.

அப்போதுதான் நீங்கள் வந்து நின்றீர்கள். என் பேறுகால நாள் உங்கள் நோட்டில் இருந்ததாம். கச்சிராயபாளையத்திலிருந்து, வெட்டிய மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்திருந்தீர்கள். ஒரு காலில்தான் செருப்பு. வார் அறுந்த இன்னொன்று கையில்.

"ஆயா, அந்தப் பாலைக் கொட்டாதீங்க. புள்ளைக்கு அதான் மொத தடுப்பூசி மாதிரி."

"கண்ணாலமே கட்டாத பொண்ணு நீ. நாலு பெத்தவளுக்குப் பாடம் சொல்ல வந்துட்டியா?"

நீங்கள் கோபப்படவில்லை. மாட்டுக் கொட்டகையைப் பார்த்தீர்கள்.

"உங்க மாடு கன்னு போட்டா சீம்பாலை இன்னா பண்ணுவீங்க?"

"கன்னுக்கு வுட்டுட்டு மிச்சத்தைக் காய்ச்சுவோம். அது குடிக்கலன்னா கன்னு தேறுமா?"

"அப்ப இந்தக் கன்னு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

"மாடு வேற, மனுசி வேற. போம்மா!"

மாமியார் மசியவில்லை. நீங்கள் என் பக்கம் குனிந்தீர்கள். "அக்கா, பால் உங்களுது. புள்ளையும் உங்களுது."

அந்த வீட்டில் எதையும் என்னுடையது என்று அதுவரை நான் நினைத்ததில்லை. சுவர்ப் பக்கம் புரண்டு, பிள்ளையை மார்போடு சேர்த்தேன். அவள் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் நீங்கள் கிளம்பும்போது, வாசலில் கிடந்த தன் செருப்பைக் காலால் உங்கள் பக்கம் தள்ளினார். "வழியெல்லாம் சிராயா கெடக்கும். போட்டுக்கினு போ. மறக்காம கொண்டா." அடுத்த மாதம் ஊசி போட வந்தபோது அதைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தீர்கள்.

ஐந்தாம் நாள் முழுக்கப் பிள்ளையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் தெருவே கேட்கும்படி அழுதாள், பசியில்.

அவள் வளர்ந்து, கல்யாணமாகி, அவளுக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தபோது, அவள் மாமியாரும் சர்க்கரைத் தண்ணீரோடுதான் வந்தார். நான் சண்டைக்குப் போகவில்லை. "சம்பந்தி, உங்க வூட்ல மாடு இருக்குதா?" என்று ஆரம்பித்தேன். அந்தப் பேத்தி இப்போது காலேஜில் படிக்கிறாள், நர்சம்மா. கபடியில் அவளைப் பிடிக்க நாலு பேர் வேண்டும்!

தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் போய்விடுகிறேன். "ஆயா மாடு கேக்க வந்துருச்சி" என்று பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பிள்ளை மார்பைப் பிடிக்கும்வரை நான் எழுந்திருப்பதில்லை.