ஓர் ஆளுக்காக எழுதப்பட்ட வலைப்பூ

என் அன்புக்குரிய அண்ணைக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் வலைப்பூவுக்குள் இருந்தே எழுதுகிறேன். உங்கள் போனைத் திறக்க எனக்கு எப்போதும் தெரியும். போனைத் திறந்தால் இதையும் திறக்கலாம் என்றும் தெரியும். இரண்டரை மாதமாகத் திறக்கவில்லை. பயம்தான்.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு நீங்கள் இல்லை என்பதே தெரியாது. அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘பதிவறை’ என்ற இந்த வலைப்பூவில் மற்றவர்களின் வலைப்பூக்களை வாசித்து, வகை பிரித்து, விமர்சனம் எழுதிவந்த பாஸ்கரன் என்பவர் என் ஒரே அண்ணை. சாவகச்சேரி நீதிமன்றத்தின் பதிவறையில் வேலை செய்தவர். ஒரு புதன்கிழமை மத்தியானம் பழைய வழக்குக் கட்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்திருக்கிறார். பிறகு எழும்பவில்லை.

வியாழக்கிழமை உங்களைக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, உங்கள் படத்துக்கு முன்னால் வைத்திருந்த உங்கள் போனும் என் கையிலிருந்த போனும் ஒன்றாகச் சத்தம் போட்டன. எடுத்துப் பார்த்தேன். ‘பதிவறையில் புதிய பதிவு.’ கீழே உங்கள் பெயர்.

மலைநாட்டில் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர் ஒருவர் ஒவ்வொரு நாளும் மழையையும் மூட்டத்தையும் பற்றி மட்டும் எழுதும் வலைப்பூ பற்றிய பதிவு அது. ‘இன்று காலையும் போய்ப் பார்த்தேன். மழை பெய்கிறதாம்’ என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் எப்போதும் போல, ‘வாசித்தவர்கள் சுகமாயிருங்கோ.’ போனைக் கவிழ்த்து வைத்தேன். வீடு நிறையச் சனம். ஒருவருக்கும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் உங்களோடு வேலை செய்த ரஞ்சினி அக்கா வந்தபோதுதான் கேட்டேன்.

“அவர் முன்கூட்டியே எழுதி, நேரம் குறிச்சு வைக்கிறவர் தங்கச்சி,” என்றார். “வேலை கூடின கிழமையிலையும் வெள்ளிக்கிழமை தவறக்கூடாது எண்டு சொல்லுவார்.”

“இன்னும் எத்தினை கிடக்கு அக்கா?”

“அது அவருக்குத்தான் தெரியும்.” சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னார் என்று அவருக்கே விளங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டன. ஐந்தரைக்கே எழும்பி இருப்பேன். வரக்கூடாது என்று நினைப்பேன். ஆறு மணி தாண்டி ஒரு நிமிடம் ஆனால் வராமல் விட்டுவிடுமோ என்று பதறுவேன். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா குசினியில் சமைத்துக்கொண்டே கேட்டார். “பிள்ளை, அவன்ரை போன் கூப்பிடுது. ஆரெண்டு பார்.” உங்கள் போனை ஒவ்வொரு நாளும் சார்ஜில் போட்டு வைத்தது அம்மாதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று தெரியாதவர்கள் கீழே பின்னூட்டம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர் தன் வலைப்பூவைத் தவறான வகையில் போட்டுவிட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தார். ‘ஐயா பதில் எழுதவில்லையே, கோபமோ?’ என்று மூன்றாம் முறையும் கேட்டிருந்தார் அவர்.

வழக்குகளுக்குப் போலவே வலைப்பூக்களுக்கும் நீங்கள் ஒரு பெரிய கொப்பி வைத்திருந்தது எனக்குத் தெரியும். பெயர், வகை, விமர்சனம் வெளிவரும் திகதி என்று கோடு போட்டது. அதில் நீங்கள் வைத்த வகைகளைப் பார்த்து நான் எத்தனை தரம் சிரித்திருக்கிறேன். ‘சமையல் என்று தலைப்புப் போட்டு மாமியாரோடு சண்டை பிடிப்பவை.’ ‘ஊருக்கு வந்துபோன ஒரு மாதத்தைப் பத்து வருடமாக எழுதுபவை.’ ‘இன்றிலிருந்து தினமும் எழுதுவேன் என்று தொடங்கி மூன்றாம் நாள் நின்றவை.’ அப்படி நின்றவற்றையும் வருடத்தில் ஒரு தரம் போய்ப் பார்ப்பீர்கள். “ஆள் திரும்பி வந்திருந்தாலும் வந்திருக்கும்” என்பீர்கள்.

ஒரு வகைக்கு மட்டும் நீங்கள் பெயர் வைக்கவில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் நின்றுபோன வலைப்பூக்கள் அவை. எழுதியவர்கள் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. அவற்றுக்கு நீங்கள் விமர்சனம் எழுதவே இல்லை. கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றின் கடைசி வரியை மட்டும் பார்த்து எழுதி வைத்திருந்தீர்கள். ‘நாளைக்குச் சார்ஜ் இருந்தால் எழுதுகிறேன்’ என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தை என்னால் முழுவதும் வாசிக்க முடியவில்லை.

இனி ஒன்பதாவது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன், அண்ணை.

அன்றைக்குப் பதிவின் தலைப்பு ‘மூன்றாம் வாங்கு.’ அது என் வலைப்பூ, வகுப்பறைப் பெஞ்சின் பெயரில் நான் எழுதுவது.

நான் எழுதுவது உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். பெயர் போடவில்லை. வவுனியாவில் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் என்று எழுதினேன். ஐந்து பிள்ளைகள் உள்ள வீடு என்று எழுதினேன். ஒரு தரம் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள்.

“பிள்ளை, நீ வலைப்பூ ஒண்டும் எழுதிறேல்லையோ?”

“எனக்கெங்கை நேரம் அண்ணை.”

“ஓம்,” என்றீர்கள். அவ்வளவுதான். கை கழுவ எழும்பிப் போனீர்கள்.

வாசிப்பவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயதில் பேராதனையில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. யுத்தக் காலம். அப்போது இங்கிருந்து வெளியே போவதென்றால் இராணுவத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் கிடைத்தால்தான் கப்பலில் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். அப்பா இல்லாத வீடு. அண்ணைதான் படிவத்தை நிரப்பி, என் படத்தை ஒட்டி, கொடுக்கவென்று கொண்டுபோனார். மூன்று கிழமை கழித்து வந்து, “அவங்கள் தரேல்லைப் பிள்ளை” என்றார். நான் இரண்டு நாள் அழுதேன். பிறகு இங்கேயே ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். இப்போது அச்சுவேலியில் கணக்குப் படிப்பிக்கிறேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, வீட்டுக் கூரை திருத்த வேண்டி உங்கள் பெட்டியை இழுத்து அரக்கியபோது அந்தப் படிவத்தைக் கண்டேன். ஒரு முத்திரையும் குத்தப்படாமல், கையெழுத்து மை மங்காமல், நிரப்பியபடியே இருந்தது. படத்தில் என் பொட்டுச் சரிந்திருந்தது. நீங்கள் அதைக் கொடுக்கவே இல்லை.

திருப்பி அந்த இடத்திலேயே வைத்தேன். உங்களுக்குத் தேநீர் போட்டுத் தந்தேன். பதினான்கு வருடம் ஒரு சொல் கேட்கவில்லை. வலைப்பூவில் எழுதினேன்.

அதைப் பற்றி நீங்கள் எழுதியதை இங்கே திருப்பிப் போடுகிறேன்.

‘எழுதுபவர் தன் பெயரைச் சொல்லவில்லை. வவுனியா என்கிறார். நம்பிக்கையில்லை. மழையைப் பற்றியும் பஸ் பிந்துவதைப் பற்றியும் எழுதினாலும், எல்லாம் ஒரு படிவத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. அதில் ஒட்டிய படத்தில் பொட்டுச் சரிந்திருந்ததாக ஓரிடத்தில் எழுதுகிறார். ஓம், சரிந்துதான் இருந்தது.

‘இதை ஓர் ஆளுக்காக எழுதப்படுபவை என்ற வகையில் சேர்க்கிறேன். உலகம் முழுவதற்கும் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். வர வேண்டிய ஆள் ஒருவர்தான். இங்கே அந்த ஆள் வந்து, முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை இரண்டு தரம் வாசித்துவிட்டான்.

‘அந்த அண்ணன் பயத்தில் செய்திருப்பான் என்று இவர் எழுதுகிறார். அது இவருடைய இரக்கம். பயம் இருந்தது உண்மைதான். கப்பலுக்கும் காவலரணுக்கும் மட்டும் பயப்படவில்லை. தங்கச்சி போனால் அந்த வீட்டில் தாயோடு தான் மட்டும் மிஞ்சுவான் என்றும் பயந்தான். இதைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் முழுமையாகாது.

‘நன்றாக எழுதுகிறார். கோபத்தைக் குறைத்து எழுதியிருக்கிறார். குறைத்திருக்கத் தேவையில்லை. வாசித்தவர்கள் சுகமாயிருங்கோ.’

அன்றைக்கும் நான் பள்ளிக்கூடம் போனேன். மூன்றாம் பாடத்தில் ஒரு கணக்கை எழுதத் தொடங்கி, கரும்பலகைக்கு முன்னால் அப்படியே நின்றிருக்கிறேன். “ரீச்சர், சுகமில்லையோ?” என்று ஒரு பிள்ளை எழும்பி வந்து தோளில் தொட்டபோதுதான் திரும்பினேன்.

உயிரோடு இருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை காலை நீங்கள் வீட்டில்தானே இருந்திருப்பீர்கள்? முன் அறையில் இஸ்திரிப்பெட்டியால் சேட்டு மினுக்கிக்கொண்டு நின்றிருப்பீர்கள். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருப்பேன். என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் கத்தியிருப்பேனா? அழுதிருப்பேனா? அந்தக் காலையை நான் ஒவ்வொரு நாளும் எனக்குள் நடத்திப் பார்க்கிறேன். ஒவ்வொரு தரமும் நீங்கள் திரும்பி என்னைப் பார்க்கும் இடத்தில் நின்றுவிடுகிறது.

பிறகு கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ‘மூன்றாம் வாங்கு’ என்ற பெயருக்கு நேரே முதல் போட்ட திகதி இரண்டு வருடத்துக்கு முந்தியது. அதை வெட்டி இன்னொரு திகதி. அதையும் வெட்டி இன்னொன்று. ஏழு தரம் வெட்டியிருந்தீர்கள். எட்டாவது மட்டும் வெட்டாமல் கிடந்தது. இந்த முறை உண்மையாகவே விடத்தான் நினைத்தீர்களா? அல்லது வெட்டுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தீர்களா?

இதற்கு எனக்கு விடை கிடைக்காது. விடை தெரிந்தவரைத்தான் அந்தப் புதன்கிழமையே இழந்துவிட்டேனே.

பத்தாவது வெள்ளி ஆறு மணிக்குச் சத்தம் இல்லை. ஆறேகாலுக்கும் இல்லை. அம்மா குசினி வாசலில் வந்து நின்று போனையே பார்த்தார். நீங்கள் இரண்டாம் தரம் செத்த மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பின்பக்கத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

“அம்மா, எனக்குப் பேராதனை கிடைச்சது ஞாபகமிருக்கோ?”

“ஏன் இல்லாமல்.”

“அண்ணை பாஸுக்குக் குடுக்கவே இல்லையாம். உங்களுக்குத் தெரியுமோ?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கை மட்டும் வேலையை விடவில்லை.

“நான் அவனைக் குடுக்காதை எண்டு சொல்லேல்லைப் பிள்ளை.”

“பிறகு?”

“அழுதனான். ஒவ்வொரு நாளும் அவனுக்கு முன்னாலை இருந்து அழுதனான். உனக்கு முன்னாலை ஒரு நாளும் அழேல்லை.”

அண்ணை, இதை ஏன் நீங்கள் எழுதவில்லை? சொல்லாமல் விட்டால் விமர்சனம் முழுமையாகாது என்று எழுதிய ஆள் இதை விட்டுவிட்டாரே. அம்மாவைக் காப்பாற்றினீர்களா? அல்லது பிழை முழுவதும் உங்களுடையது என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தீர்களா?

உங்கள் பதிவை அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், “திருப்பி வாசி” என்றார். திருப்பி வாசித்தேன்.

“என்ரை பிள்ளைக்கு இப்பிடியெல்லாம் கதைக்கத் தெரியுமே?” என்றார். “வீட்டிலை ‘ஓம்’, ‘இல்லை’ எண்டதைத் தவிர அவன் என்னத்தைக் கதைச்சவன்?”

நானும் அதே வீட்டில் அப்படித்தானே இருந்தேன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் எழுதினீர்கள். இந்தப் பக்கம் நான் எழுதினேன். இடையில் அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இன்று உள்ளே வந்தேன். அந்தச் சொல் வரவில்லை. பத்தொன்பது வயதுப் பெட்டை ஒருத்தி இன்னும் அந்தக் கப்பலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள். அவளைக் கேட்காமல் நான் எப்படி மன்னிப்பது? ஆனால் உங்கள் பதிவை அழிக்கமாட்டேன். என் வலைப்பூவையும் மூடமாட்டேன். இனி அதில் என் பெயர் இருக்கும், ஊரும் இருக்கும்.

கொப்பியில் நீங்கள் விட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பேன். உங்களைப் போல வகை பிரிக்க எனக்குத் தெரியாது. முழுவதும் வாசிப்பேன், அது தெரியும்.

இவை எல்லாம் எழுத்து வேலை. உங்களுக்கு நான் தரும் வாக்கு வேறு. எனக்கு நோவதை இனி ஊர் பேர் தெரியாத ஆட்களுக்கு எழுதிவிட்டு, வீட்டில் இருக்கிற ஆளுக்குத் தேநீர் மட்டும் போட்டுக் கொடுக்கமாட்டேன். வாயால் கேட்பேன். அம்மாவிடம் தொடங்கிவிட்டேன். நேற்று அவர் அழுதார், என் முன்னால்.

உங்கள் கோபம் தீராத ஒரே தங்கச்சி,
வதனி