ரோசாலியின் வைக்கோல் சுவர்

அக்டோபர் 28, 1934. ஞாயிறு

காலையில் தூறல். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால், பின்கட்டு அறையின் கிழக்குச் சுவரில் மண் பெயர்ந்து கிடக்கிறது. உள்ளேயிருந்த வைக்கோல் வெளியே. எதிர்வீட்டு மாடு நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தது!

என் மனைவி ரோசாலி இந்தச் சுவரை எழுப்பியபோது தெருவே சிரித்தது. "என்னக்கா, வைக்கோலக் கட்டுகட்டா அடுக்கி வச்சிருக்க? மாடு சுவத்தத் துன்னுடப் போவுது."

"துன்னட்டுமே, பாலாவது கறக்கும்" என்றாள்.

அவள் ஆண்டவரிடம் போனபின் இது முதல் மழைக்காலம்.

29, திங்கள்

குருசுக்குப்பத்திலிருந்து மகள் லூர்து வந்தாள். "இடிச்சிட்டு செங்கல் வச்சிடலாம்பா."

முடியாது என்றேன். பிறகு தனியாக நின்று பார்த்தேன். விழாத இடமெல்லாம் ரோசாலியின் விரல் தடம். மற்றவர்கள் பூச்சு வலப்பக்கமாக வளைந்து ஏறும், அவளுடையது இடப்பக்கம். பீச்சாங்கைக்காரி. சுவர் முழுக்க வெடிப்பு. மேலே பூசினால் தடம் மூடிப்போகும். பூசாவிட்டால் மழையில் சுவரே போகும்.

சர்க்கரை வாங்க வேண்டும்.

30, செவ்வாய்

செம்மண், சாணம், நறுக்கிய வைக்கோல், தண்ணீர். மிதித்து மிதித்து இடுப்பு போச்சு. ஆபீஸ் நாற்காலியிலேயே தேய்ந்த உடம்பு. அள்ளி அப்பினேன். பொத்தென்று காலிலேயே விழுந்தது. லூர்து சிரிக்கவில்லை, அதுதான் அவமானம். ரோசாலி என்றால், வெள்ளைக்காரத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி, "முசே, மண்ண என்ன மை தொட்டா எழுதுறீங்க?" என்றிருப்பாள். இந்த ஊறிய மண் வாசனை அவள் சேலையில் இருக்கும்.

மூக்குக்கண்ணாடியைக் காணோம்.

31, புதன்

கண்ணாடி சேற்றுக்குள் கிடைத்தது. முதலில் மண்ணைத் தண்ணியாகக் கரைத்து வைக்கோல் மேல் தெளித்தோம். பிறகு அப்பியது பிடித்துக்கொண்டது. ஓட்டை அடைத்தாச்சு. மீதிச் சுவரைத் தொடக் கை வரவில்லை.

"மழ வந்துடும்பா. இன்னும் எதுக்கு பாத்துகிட்டே நிக்கிறீங்க?"

"அம்மா கை மறஞ்சிடுமேம்மா."

உள்ளே போய்விட்டாள். அழுதிருப்பாள்.

நவம்பர் 1, வியாழன்

சகல புனிதர் திருநாள். வேலை செய்யக்கூடாது. ஆனால் வானம் கறுத்துவிட்டது. "சாமியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று லூர்து சேலையைச் செருகினாள். சரி என்றுவிட்டேன்.

வலக்கையால்தான் ஆரம்பித்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்துப் பழக்கிய வலக்கை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினேன். மண் இடக்கைக்கு மாறியிருந்தது. அவளுக்கே தெரியவில்லை. வளைவெல்லாம் இடப்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது.

"எப்பிடிப்பா இருக்கு?"

"நல்லாருக்கும்மா. நிறுத்தாத."

மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் கையை மாற்றிவிடுவாள்.