பகவதி கோயிலில் பூக் கேட்டது

ஆவணி 6, வெள்ளி

தூறல். வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். கடல் என்று நினைத்து மூன்று தரம் தலையில் தெளித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். பத்தடி தள்ளி ஒருவர் மாடு கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது கடல் இல்ல, காயல். கடலும் ஆறும் கலக்கற ஏரி" என்றாள் கவிதா. உப்பும் இல்லை, சப்பென்றும் இல்லை. என்ன தண்ணீரோ.

வந்த காரியம்: மகள் கவிதா பெங்களூரில் நர்ஸ். அங்கேயே லேபில் இருக்கும் இந்த ஊர் மலையாளப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். பையனுக்கு லீவு இல்லை. வீட்டைப் பார்க்க நாங்கள் மூன்று பேர். பாப்பாரப்பட்டியில் எல்லோரிடமும் கோயிலுக்கு என்று சொல்லியாயிற்று. அதுவும் பொய் இல்லை. பொம்மிடியில் ரயில் ஏறும்போதே க.அப்பா (கவிதா அப்பா) சொல்லிவிட்டார்:

"ஆத்தாகிட்ட பூக் கேப்பேன். வெள்ளை வந்தா பாக்கலாம். சிவப்பு வந்தா இந்தப் பேச்சே கூடாது."

"எந்த ஆத்தாகிட்டங்க?"

"அவன் ஊரு ஆத்தாகிட்டதான். நாளைக்கு நம்ம சாமி ஓரவஞ்சனை பண்ணுச்சுன்னு சொல்லக் கூடாதுல்ல."

பையனின் அம்மா சிரித்த முகம். புட்டு, கடலைக் குழம்பு. க.அப்பா புட்டைப் பிசைந்து களி மாதிரி உருண்டை பிடித்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆவணி 7, சனி

மழை விட்டது. கோயில் ரொம்பப் பழசு. எத்தனை நூறு வருசம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கோபுரம் இல்லை. ஓட்டுக் கூரை, சுவர் முழுக்க விளக்கு. ஆம்பளைகள் சட்டை கழற்ற வேண்டும். க.அப்பா மூச்சுப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தார்.

"விடுங்க, ஆத்தாளே பாத்துட்டா" என்றேன். முறைப்பு.

பூக் கேட்பது நம் பக்கம் இப்படி. ஒரு பொட்டலத்தில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. பூசாரி சாமி காலில் வைத்து ஒன்றை எடுத்துத் தருவார். இலையில் பொட்டலம் கட்டியது நான். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டை வைத்துக் கட்டினேன். பெற்றவள் வேறு என்ன செய்வாள்.

பூசாரி இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, கை படாமல் ஓர் இலைப் பொட்டலத்தை மேலேயிருந்து போட்டார். க.அப்பா பிரித்தார். சந்தனம். நடுவில் சிவப்புப் பூ.

"முடிஞ்சுது. ஆத்தாளே வேணாங்கறா."

 கவிதா நேராகப் போய்ப் படித்துறையில் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டும் வரவில்லை.

 நான் வைத்தது வெள்ளை, எப்படிச் சிவந்தது? தூக்கக் கலக்கத்தில் மாற்றிக் கட்டினேனா? ஆத்தா என் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டாளா? சந்தனம் யார் வைத்தது? சொன்னால் மாட்டுவேன். சொல்லாவிட்டால் கவிதா கதி? மத்தியானம் சோறு இறங்கவில்லை. பாயசம் இறங்கியது, இரண்டு டம்ளர்.

சாயங்காலம் பையனின் அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். கையில் அதே இலை, அதே சந்தனம், அதே சிவப்புப் பூ. எடுத்துத் தலையில் செருகிக்கொண்டார்.

"நீங்க என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல்ல. இது பிரசாதம். எல்லார்க்கும் கொடுக்கும்."

ஓடிப் போய் க.அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப நம்ம பொட்டலம்?"

"உள்ளயே இருக்குது."

"இரு, போய் வாங்கிப் பிரிச்சுப் பாத்துட்டு வரேன்."

"பிரிக்காதீங்க."

"ஏன்?"

"ரெண்டும் வெள்ளை."

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "அப்பறம் எதுக்குடி ஆத்தாளத் தொந்தரவு பண்ண? எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோபமா சிரிப்பா தெரியவில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்தே அந்த முகம் எனக்கு விளங்கியதில்லை.

ஆவணி 8, ஞாயிறு

நல்ல வெயில். 9.40 படகு, அக்கரையில் ரயில். என்ன முடிவு என்பது க.அப்பாவுக்கே வெளிச்சம். கவிதாவுக்குக் கண் வீக்கம். பையனின் அம்மா படகுத்துறை வரைக்கும் வந்தார். டிக்கெட் வாங்கப் போன மனுசன் புது எவர்சில்வர் தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய்.

"நல்ல நேரம் போகுதுங்க. தட்டப் பிடிங்க."

கவிதா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

தட்டு மாற்றினால் சம்பந்தம் உறுதி என்பது அந்தம்மாவுக்குத் தெரியாது. வழியில் சாப்பிட வாங்கினது என்று நினைத்துவிட்டார். "வேண்டா, நிங்கள் கொண்டு போங்கோ" என்று இந்தப் பக்கம் தள்ளினார். இவர் அந்தப் பக்கம் தள்ளினார்.

"பிடிங்க சம்பந்தி."

"அய்யோ, வேண்டா."

"பிடிங்கங்கறேன்."

கவிதா நடுவில் புகுந்து மலையாளத்தில் விளக்கினாள். "சத்யமோ" என்று அந்தம்மா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அதே நேரம் இவரும் கையை விட்டுவிட்டார்.

தேங்காய் மிதந்தது. பழம் மிதந்தது. வெற்றிலை பரவிப் போனது. தட்டு முழுகிப் போய்விட்டது. படகு அந்த இடத்தில் வந்து நின்றது. ஏறினோம்.